கட்கி: எல்லைக்கோட்டில் ஓர் எண்ணெய்ச் சட்டி

புனே–லோனாவாலா மின்ரயில் நின்று கிளம்பும் கட்கி, 1817 நவம்பர் 5 அன்று பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படையை ஆங்கிலேயர் முறியடித்த இடம். பிறகு கன்டோன்மென்ட் ஆயிற்று. 1869இல் வெடிமருந்துத் தொழிற்சாலையும் வந்தது. ஷிப்டுக்கு ஓடுகிறவருக்கு உட்கார்ந்து சாப்பிட நேரமேது? நின்றபடியே முடிகிற பலகாரம்தான் தோது.

மிசல் என்றால் முளைகட்டிய மட்கி (நம்மூர் நரிப்பயறு), மேலே காராசேவு வகையறா, நறுக்கிய வெங்காயம், ஒரு துண்டு எலுமிச்சை. கூடவே ஊற்றும் காரக் குழம்புக்குப் புனேயில் 'சாம்பிள்' என்று பெயர். வடா பாவ் நம் உருளைக்கிழங்கு போண்டாவுக்கு உடன்பிறப்பு. பூண்டுப் பொடி தடவிய பாவுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது, அவ்வளவுதான். பாரம்பரியம் என்று புகழப்படும் இந்தத் தட்டில் பாவ், படாட்டா என்ற பெயர்களே போர்த்துகீசியர் தந்தவை. மிளகாயும் அவர்கள் கப்பலில் வந்ததுதான்.

வந்தேறிப் பண்டங்கள் நிலைத்துவிட்டன. விற்பவர் நிலைதான் இன்னும் ஆட்டம். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. வியாபாரக் குழுவில் குறைந்தது 40 சதவீத இடம் வியாபாரிகளுக்கே. கன்டோன்மென்ட் போர்டும் இதற்குக் கட்டுப்பட்டதே. ஆனால் ரயில்வே நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதாவது, ரயில்வே எல்லைக்கு வெளியே நிற்கும் தள்ளுவண்டிக்குப் பாதுகாப்பு உண்டு. பத்தடி உள்ளே தள்ளி நின்றால் இல்லை.

கூட்டமோ ரயிலடியில்தான். எனவே வடை போடுகிறவர் எண்ணெய் காய்வதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: தன் அடுப்பு யாருடைய நிலத்தில் எரிகிறது?