காலி ரேக்கும் கணக்கில் உண்டு

ஒரு பங்கின் விலை நியாயமா, அதிகமா என்று பார்க்க எல்லோரும் முதலில் கேட்பது "பி.இ. எவ்வளவு?" என்பதைத்தான். பங்கின் விலையை, அந்தப் பங்குக்கான ஆண்டு லாபத்தால் வகுத்தால் வரும் எண் அது.

நம் வயதுக்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள வங்கி டெபாசிட்டே போதும். 100 ரூபாய்க்கு 7 ரூபாய் வட்டி என்றால் அதன் பி.இ. ஏறக்குறைய 14. ஒரு பங்கின் பி.இ. 30 என்றால், 100 ரூபாய்க்குக் கம்பெனி சம்பாதிப்பது மூன்று ரூபாய் சொச்சம். அதிலும் ஒரு பகுதிதான் டிவிடெண்டாக நம் கைக்கு வரும். மீதிக் குறையை லாப வளர்ச்சிதான் ஈடுகட்ட வேண்டும்.

மனைவி பெயரில் இருக்கும் டெபாசிட்டை குளோஸ் செய்து கன்டெய்னர் கார்ப்பரேஷன் பங்கு வாங்கலாமா என்று என் மைத்துனர் கேட்டார். "மாமா, நீங்க ரயில்வே கூட்ஸ்ல இருந்தவர், உங்களுக்குத் தெரியாததா?" என்றார். எனக்குத் தெரிந்தது வண்டிதான். அதிலிருந்தே சொன்னேன்.

ஒரு கன்டெய்னர் ரேக்கில் 45 வேகன். இருபது அடிப் பெட்டிகள் 90 ஏற்றலாம். போகும்போது நிறைந்து போய், வரும்போது காலியாக வந்தாலும் ரயில்வேக்கு இழுவைக் கட்டணம் கட்டியாக வேண்டும். ஆகவே எத்தனை பெட்டி கையாண்டார்கள் என்பது பாதிக் கணக்கு. காலியாக ஓடியதற்கு எவ்வளவு செலவானது என்பது மறு பாதி.

அடுத்தது நிலம். 1989-ல் ரயில்வேயிடமிருந்து 7 டிப்போக்களைப் பெற்றுத் தொழிலைத் தொடங்கிய கம்பெனி இது. இன்றும் அதன் முனையங்கள் பலவும் ரயில்வே நிலத்தில்தான் இருக்கின்றன. 2020-ல் அந்த நிலத்துக்கான கட்டணம் நில மதிப்பில் 6 சதவீதம் என்று மாறியது. செலவு எகிறியது, சில முனையங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2022-ல் மத்திய அமைச்சரவை, சரக்கு முனையங்களுக்கு 1.5 சதவீதம் என்ற புதிய கொள்கையைக் கொண்டுவந்தது. வண்டி அதேதான், பெட்டி அதேதான். லாபத்தை ஆட்டிவைப்பது ஓர் அரசாணை.

அதனால் ஒரு வருட லாபத்தை வைத்து பி.இ. பார்க்காதீர்கள். ஐந்து வருட லாபத்தின் சராசரியை எடுத்து வகுத்துப் பாருங்கள். தாத்ரியிலிருந்து மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகம் வரை திட்டமிட்ட தனிச் சரக்குப் பாதையால் வியாபாரம் பெருகும் என்பார்கள், பெருகலாம். அந்தப் பெருக்கத்துக்கு இன்றைய விலையிலேயே பணம் கேட்கிறார்களா என்றும் பாருங்கள்.

ரேக்குகள் எல்லாம் இரு பக்கமும் நிறைந்து ஓடினால்தான் கட்டுப்படியாகும் என்ற விலை, நியாயமான விலை இல்லை. காலி ரேக்கையும் கணக்கில் சேர்த்த பிறகு டெபாசிட்டை மிஞ்சுகிறதா? அப்படியானால் வாங்கலாம், அதுவும் ஐந்து வருடத்துக்குத் தேவைப்படாத பணத்தில் மட்டும்.