ஆயா கேட்ட அழுகை

மகன் இப்போது அழுவதில்லை. மனசுக்கு ஒப்பவில்லை என்றால் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான், அவ்வளவுதான். பிராங்க்ஃபர்ட்டில் எங்கள் வீட்டு ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி. குளிர் வராது. தெருவும் வராது.

அவன் பிறந்தது திருவண்ணாமலையில், பே கோபுரத் தெரு வீட்டில். கோயில் மணி, பௌர்ணமிக்குப் பௌர்ணமி விடிய விடிய நடக்கிறவர்களின் ‘அரோகரா’, உத்தரத்துக் கொக்கியில் சேலைத் தூளி ஆடுகிற கிறீச்... இத்தனைக்கும் நடுவே அவன் குரல். அடுப்படியில் இருந்தபடியே என் ஆயா பதில் சொல்லும். “பசிக்குதுடி புள்ளைக்கு, எடு.” இன்னொரு நாள், “இது பால் அழுகை இல்ல. வயிறு உப்பிக் கெடக்கு, வெத்தலைல வெளக்கெண்ண தடவி வாட்டிப் போடு.” காலை மடக்கி வீறிட்டால் வயிறு, கண்ணைத் தேய்த்துக்கொண்டு இழுத்து இழுத்துச் சிணுங்கினால் தூக்கம். இதெல்லாம் ஆயா சொல்லித் தெரிந்தது. உடம்புக்கு மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. அவன் குரல் எழும்பியதுமே, நான் எழுவதற்குள், ரவிக்கை நனைந்துவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுதாலும் நனையும். பிள்ளை பெற்றவராயிருந்தால் உங்களுக்கும் நனைந்திருக்கும்.

தீபத் திருவிழாவில் வேண்டிப் பெற்ற பிள்ளையைக் கரும்புத் தொட்டிலில் இட்டு, முன்னும் பின்னும் தோள்கொடுத்து மாடவீதி சுற்றுவார்கள். மேளம், கூட்டம். அதையும் மீறித் தொட்டிலுக்குள் அழுகை கேட்டால், முன்பின் தெரியாதவள்கூடத் திண்ணையிலிருந்து குரல் கொடுப்பாள்: “புழுங்குது அதுக்கு, செத்த நெழல்ல நில்லுங்க.”

நாங்கள் இப்போது இருக்கும் ஜெர்மனியின் ஆய்வாளர் காத்லீன் வெர்ம்கேயும் குழுவினரும் 2009இல் பச்சிளங்குழந்தைகள் 60 பேரின் அழுகையை ஆராய்ந்து சொன்னார்கள்: பிரெஞ்சுக் குழந்தையின் அழுகை ஏறிப்போகிறது, ஜெர்மன் குழந்தையுடையது இறங்கிவருகிறது, கருவில் கேட்ட பேச்சின் ராகம் அது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. என் பிள்ளையின் அழுகையில் என்ன இருந்திருக்கும்? என் வயிற்றருகே உட்கார்ந்து ஓயாமல் பேசிய ஆயாவின் குரல் இருந்திருக்கும். அந்த அழுகை எந்த நாடாவிலும் இல்லை. ஆயாவும் இல்லை.

நேற்று டிராமில் ஒரு கைக்குழந்தை அழுதது. இளம் தாய் முகம் சிவந்து, நாலு பக்கமும் மன்னிப்புக் கேட்டபடி இருந்தாள். எல்லோரும் செல்போனைப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் செங்கம் போகும் பஸ்ஸாக இருந்தால் இதற்குள் மூன்று கைகள் நீண்டிருக்கும், “இப்படிக் குடும்மா” என்று.