சைலன்சரும் எலிக் கிட்டியும்

சைலன்சர் மாட்டினால் துப்பாக்கி ஊமையாகிவிடும் என்பது சினிமா ரீல். 1909-ல் அமெரிக்காவில் ஹிராம் பெர்சி மாக்சிம் பேடன்ட் வாங்கிய அந்தக் குழாய், வெடிவாயுவின் சத்தத்தைத்தான் குறைக்கும். குண்டு ஒலியைவிட வேகமாகப் போனால் 'படீர்' கேட்டே தீரும்.

நிஜமாகவே சத்தமில்லாத வேட்டை தஞ்சாவூர் வயல்களில் உண்டு. எலிக் கிட்டி! வில்லாக வளைத்த மூங்கில், ஒரு கயிறு, கொஞ்சம் இரை. அவ்வளவுதான். சாயங்காலம் வயலில் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். எலி இரையை இழுத்ததும் வில் விடுபட்டு அமுக்கிவிடும். பக்கத்து வளை எலிக்குக்கூடத் தெரியாது. விஷம் வைத்தால் செத்த எலியைத் தின்னும் ஆந்தைக்கும் ஆபத்து; இதில் அந்த வம்பில்லை.

விடிந்ததும் எண்ணிக்கை. எலிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட் கூலி (காஸ்ட் அக்கவுன்டிங் புத்தகத்தில் இந்த உதாரணம் வராது!). எத்தனை கிட்டி வைத்தாலும் சரி, எலி விழாத ராத்திரிக்குக் காசு கிடையாது.