பத்து வெள்ளிக் குழாயும் ஊருக்குப் போகும் பயணமும்

பெட்ரோல் வாடையை நம்மில் பலர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. “இப்பத்தானே எண்ணெய் ஊத்தினோம், அதான் அடிக்குது” என்று கண்ணாடியை இறக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். ஆனால், எண்ணெய் நிரப்பி இரண்டு மூன்று நாளான கார், காலையில் வீட்டு முன்புறம் சும்மா நிற்கும்போதே வாடை அடித்தால், எங்கோ கசிகிறது என்றுதான் பொருள்.

கடந்த தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. கிள்ளானில் நாங்கள் இருக்கும் தாமானில், பின்வரிசைக் கால்வாயை ஒட்டி எலித் தொல்லை அதிகம். மழைக்காலம் வந்தால் அவை கார்களின் இயந்திரப் பகுதிக்குள் ஏறிக்கொள்ளும். என் 11 வயது காரின் முன்மூடியைத் திறந்து பார்த்தேன். இயந்திரத்துக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் கறுப்பு பிளாஸ்டிக் குழாயில் பல் தடங்கள் தெளிவாகத் தெரிந்தன. ஓரிடம் ஈரமாக இருந்தது. சாவியைத் தொடவில்லை. பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, காப்பீட்டு நிறுவனத்தின் இழுவை வண்டியைக் கூப்பிட்டேன்.

அப்பா பேரப்பிள்ளைகளைப் பார்க்க சுங்கை சிப்புட்டிலிருந்து வந்திருந்தார். மறுநாள் எல்லாரும் ஒன்றாக ஊருக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. அவர் தோட்டத்து லோரிகளைப் பழுது பார்த்தே எங்களைப் படிக்க வைத்தவர். குழாயைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“இதுக்கு எதுக்கும்மா இழுவை வண்டி? கடிச்ச இடத்த வெட்டி எடுத்துட்டு, ஒரு சாண் ரப்பர் குழாய், ரெண்டு கிளிப் போட்டா முடிஞ்சிச்சு. பத்து வெள்ளி வேலை.”

பட்டறையில் போமன் வேறு மாதிரி சொன்னார். முப்பது வயதுக்காரர், பேச்சில் மரியாதை இருந்தது. “அக்கா, இத ஒட்டுப் போட முடியாது. ஒரு மூட்டுலேர்ந்து அடுத்த மூட்டு வரைக்கும் முழுசா மாத்தணும். சாமான் 180 வெள்ளி. ஆர்டர் போட்டா வர ரெண்டு நாள் ஆகும்.”

அப்பாவின் முகம் மாறிவிட்டது. “ரெண்டு நாளா? அங்க இவ அம்மா ஒத்த ஆளா முறுக்கு சுட்டுக்கிட்டு இருக்கா. தம்பி, என் டட்சன் 120ஒய் காடிக்கு நானே எத்தன தடவ ரப்பர் போட்டு ஓட்டியிருக்கேன் தெரியுமா?”

அப்பா சொன்னதில் பொய் எதுவும் இல்லை. டட்சனும், 1985ல் வந்த முதல் புரோட்டோன் சாகாவும் கார்புரேட்டர் வைத்த கார்கள். அவற்றில் பெட்ரோல் 0.2 அல்லது 0.3 பார் அழுத்தத்தில் மெதுவாக வரும். ரப்பர் குழாயைச் செருகிக் கிளிப்பை முறுக்கினாலே போதும். இன்றைய பெட்ரோல் கார்களில் டாங்கிக்குள் மின்சாரப் பம்பு இருக்கிறது. அது சுமார் 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது. அதாவது அந்தக் காலத்தைவிடப் பத்து மடங்கு. நாம் டயருக்கு அடிக்கும் காற்றழுத்தம் கூட 2 பாருக்குச் சற்று மேல்தான். இந்த அழுத்தத்தில் ஒரு மூட்டு கழன்றால் பெட்ரோல் சொட்டாது, பீய்ச்சி அடிக்கும். இயந்திரம் ஓடும்வரை பம்பும் தள்ளிக்கொண்டே இருக்கும். பக்கத்திலேயே புகைபோக்கிக் குழாய் கொதித்துக்கொண்டிருக்கும்.

போமன் இதையெல்லாம் விரிவுரையாக எடுத்துச் சொல்லவில்லை. வேறொரு காரில் கழற்றிப் போட்ட பழைய பிளாஸ்டிக் குழாய் ஒன்றையும், ஒரு துண்டு ரப்பர் குழாயையும், கிளிப்பையும், திருப்புளியையும் அப்பாவின் கையில் கொடுத்தார். “அங்கிள், நீங்களே போட்டு இழுத்துப் பாருங்க.”

அப்பா உட்கார்ந்து நிதானமாக மாட்டினார். முறுக்கி முடித்து இரண்டு கையாலும் இழுத்தார். ரப்பர் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. இன்னும் இறுக்கினார். இம்முறை பிளாஸ்டிக் நசுங்கி முட்டை வடிவமாகிவிட்டது. கொஞ்ச நேரம் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இரும்புக் குழாய்ல முனையில ஒரு மேடு இருக்கும், ரப்பர் அதுல கவ்விக்கும். இது வழவழன்னு இருக்கே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, “சாமான ஆர்டர் போடச் சொல்லும்மா” என்றார். எத்தனையோ லோரிகளைப் பார்த்த கை அது. சோதித்துப் பார்த்ததும் ஏற்றுக்கொண்டது. வாயால் சொல்லியிருந்தால் ஒருவேளை கேட்டிருக்க மாட்டார்.

‘கார்க்காரன் காசு மிச்சம் பிடிக்கப் பிளாஸ்டிக் போட்டுவிட்டான்’ என்று நாம் பேசுவதுண்டு. உண்மையில் இந்தக் குழாய்களில் பெரும்பாலானவை நைலான் 12 போன்ற பொருளால் செய்யப்பட்டவை. பெட்ரோல் இவற்றை அரிக்காது, துருவும் பிடிக்காது. பெட்ரோல் ஆவி வெளியே கசியாமல் இருக்க உள்ளே பல அடுக்குகள் வைத்தும் செய்கிறார்கள். இதன் எதிரிகள் வேறு. எலிப்பல் ஒன்று. ஆண்டுக்கணக்கில் வெப்பம் பட்டு முறுகிப்போவது இன்னொன்று. பிடிமானக் கிளிப் காணாமல் போய் இரும்பில் உரசுவதும், வேறு வேலை செய்யும்போது யாராவது மூட்டைத் திருப்புளியால் நெம்புவதும் உண்டு. பசையும் டேப்பும் இங்கே உதவாது. நைலானில் பசை சரியாகப் பிடிக்காது, பிடித்தாலும் அழுத்தமும் பெட்ரோலும் அதைக் கழற்றிவிடும்.

ஒட்டுப் போடவே கூடாதா என்று போமனிடம் கேட்டேன். காரின் அடியில் ஓடும் நீளமான குழாய்க்கு, அதற்கென்றே செய்த முள்முனை இணைப்பான்கள் உண்டு என்றார். நைலானைச் சதுரமாக வெட்டி, அதற்குரிய கருவியால் அழுத்திச் செருக வேண்டும். நெருப்புக் காட்டி இளக்கக் கூடாது. சில தயாரிப்பாளர்கள் இதை அனுமதிக்கிறார்கள், சிலர் அனுமதிப்பதில்லை. ரப்பர்தான் போட வேண்டிய இடம் என்றால், முனையில் மேடு உள்ள இணைப்பானும், எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஊசித்தெளிப்புக் குழாயும் வேண்டும். தண்ணீர்க் குழாயை வெட்டிப் போடுவது வேலைக்காகாது.

இரண்டாம் நாள் சாமான் வந்தது. அப்பா முழு நேரமும் பக்கத்திலேயே நின்றார். போமன் முதலில் டாங்கி மூடியைத் திறந்தார். பம்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு இயந்திரத்தை ஓடவிட்டார். குழாயில் மிச்சமிருந்த பெட்ரோல் தீர்ந்து அதுவாகவே நின்றது. அதன்பிறகு பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றினார். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மூட்டைச் சுற்றித் துணியைப் போர்த்தி, இரு காதுகளையும் அழுத்தி இழுத்ததும் பழைய குழாய் வந்துவிட்டது. புதிய குழாயின் முனையில் ஒரு சொட்டு சுத்தமான இயந்திர எண்ணெய் தடவி, ‘டிக்’ என்று சத்தம் கேட்கும்வரை தள்ளினார். பிறகு பின்னோக்கி இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. ஃபியூஸையும் பேட்டரியையும் மாட்டிய பிறகு, இயந்திரத்தை முடுக்காமல் சாவியை மட்டும் மூன்று முறை திருப்பி நிறுத்தி, மூட்டுகளில் ஈரம் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்தார். கடைசியில்தான் இயந்திரம் ஓடியது.

“வேல சுத்தம்” என்றார் அப்பா. அவர் வாயில் அது பெரிய பாராட்டு. தீபாவளிக்கு முதல் நாள் மாலை ஊர் போய்ச் சேர்ந்தோம். முறுக்கு சுட உதவவில்லை என்று அம்மாவிடம் எல்லாருக்கும் திட்டு கிடைத்தது.

ரப்பர் ஒட்டு ஒருவேளை தஞ்சோங் மாலிம் வரை தாங்கியிருக்கலாம், ஈப்போ வரை கூடத் தாங்கியிருக்கலாம். பின்னிருக்கையில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஏறக்குறைய 250 கிலோமீட்டர் ஓட்டுகிறவளுக்கு இந்த ‘லாம்’ போதாது.

சிங்கப்பூரில் மூன்று வயதைத் தாண்டிய கார்களை இரண்டு ஆண்டுக்கொரு முறையும், பத்து வயதைத் தாண்டியவற்றை ஆண்டுதோறும் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். நம் நாட்டில் சொந்தக் கார்களுக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. ஆகவே பார்க்க வேண்டியவர்கள் நாம்தான். நீண்ட பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே முன்மூடியைத் திறந்து பாருங்கள். ஒரு நாள் முன்பு பார்த்தால் சாமான் வர நேரமிருக்காது. எலிப்புழுக்கை, கடித்த துணுக்குகள், குழாயில் வெண்மையான கீறல் ஏதாவது தெரிகிறதா என்று கவனியுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கி நிற்கும். எனவே வாடை அடித்தால் காரை முடுக்காதீர்கள், பக்கத்தில் சிகரெட், சாம்பிராணி எதுவும் வேண்டாம். ஓடும்போது வாடை வந்தால் ஓரங்கட்டி, இயந்திரத்தை நிறுத்தி, எல்லாரையும் இறக்கித் தள்ளி நிற்கச் செய்யுங்கள். தீப்பிடித்தால் 999.

பட்டறையில் விலை கேட்கும்போது, “முழுக் குழாயா, ஒட்டா?” என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேளுங்கள். வேலை முடிந்ததும் கழற்றிய பழைய குழாயைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல போமன் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.