நண்டுக்குக் கட்டின பாலம்

போன மழைக்காலத்தில் கரண்ட் இல்லாத ஒரு பின்னேரம். எங்கட வாசிப்பு வட்டத்துக்கு ஏழு பேர்தான் வந்திருந்தம். கதைக்க எண்டு எடுத்த புத்தகத்தை அதில மூண்டு பேர்கூட முடிச்சிருக்கேல்ல. முடிக்காதவர்கள் மழையையும் மின்சார சபையையும் சாட்டிக்கொண்டிருக்க, கதை எங்கெங்கோ அலைந்து கடைசியில் ஒருத்தியின் போனில் வந்து நின்றது. மனிதரைவிட மிருகங்கள் கூடுதலாக வாழுகிற பத்து இடங்கள் பற்றின வீடியோ. ஏழு தலைகளும் அந்தச் சின்னத் திரைக்கு மேல் குவிந்தன. சார்ஜ் 31 சதவீதம்.

முதலில் வந்தது நியூசிலாந்து. 1982 இல் அங்கே 7 கோடி செம்மறிகள், மனிதர் 32 இலட்சம். ஆளுக்கு 22 செம்மறி. பிறகு கம்பளி விலை விழ, மேய்ச்சல் நிலங்களில் ஒரு பகுதி பால்மாடுகளுக்குப் போய்விட்டது. இப்ப ஆளுக்கு ஐந்துகூடத் தேறாது. எங்கட குசினியில இருக்கிற பால்மா பைக்கற்றுக்கும் அந்தச் செம்மறிகள் குறைந்ததுக்கும் ஒரு தொடர்பு இருக்கு எண்டு எங்களில் பொருளாதாரம் படிக்கிறவன் விளக்கத் தொடங்கினான். நாங்கள் வீடியோவைத் தள்ளிவிட்டம்.

அடுத்தது யப்பானின் அவோஷிமா, பூனைத் தீவு. திரை முழுக்கப் பூனை. "ஐயோ வடிவு" எண்டு கத்தினவர்களில் இந்தக் கட்டுரையை எழுதுகிற நாங்களும் அடக்கம். ஒருகாலத்தில் நூற்றுக்கணக்கான மீன்பிடிக் குடும்பத்தவர்கள் வாழ்ந்த தீவு அது. வள்ளங்களில் எலி பிடிக்கவென்று பூனைகளைக் கொண்டுவந்தார்கள். போருக்குப் பிறகு இளசுகள் வேலை தேடி நகரங்களுக்குப் போக, கிழடுகள் மிஞ்சின. 2018 இல் அங்கே மனிதர் 13 பேர், பூனைகள் 200 க்கு மேல். அதே வருடம் பூனைகளுக்கும் கருத்தடை செய்துவிட்டார்கள். பார்த்துக்கொள்ள ஆளில்லாத இடத்தில் குட்டிகள் பிறந்து என்ன செய்யிறது? ஆகவே இப்ப அங்கே பூனைகளும் கிழடு, மனிதரும் கிழடு. புங்குடுதீவுப் பக்கம் பூட்டிக்கிடக்கிற வீடுகளுக்குள்ளால் சைக்கிள் ஓடினவர்களுக்கு இதை மேலே விளக்கத் தேவையில்லை.

இந்த இடத்தில்தான் எங்களில் ஒருத்தி கேட்டாள்: "உதில மிருகம் கூடிட்டுதெண்டு சொல்லுறாங்கள். ஆக்கள் ஏன் குறைஞ்சவை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே?"

அதுக்குப் பிறகு வீடியோவை நிப்பாட்டி நிப்பாட்டித்தான் பார்த்தம்.

முயல் தீவு என்று சொல்லப்படுகிற ஓக்குனோஷிமாவும் யப்பானில்தான், ஹிரோஷிமா மாகாணத்தில். உல்லாசப் பயணிகளின் மடியில் முயல்கள் ஏறுகிற படங்களுக்குப் பேர்போனது. ஆனால் 1929 முதல் 1945 வரை யப்பான் இராணுவம் அங்கே நச்சுவாயு செய்தது. 6,000 தொன்னுக்கும் மேல். அப்படியொரு தீவு இருப்பதே தெரியக்கூடாது எண்டு வரைபடத்திலிருந்தும் அதை அழித்துவிட்டார்கள். தொழிற்சாலையில் வேலை செய்த ஊர்ச்சனங்கள் பிறகு வருடக்கணக்காய் சுவாச நோயோட இழுபட்டார்கள். பரிசோதனைக்கு வைத்திருந்த முயல்களைப் போர் முடியக் கொன்றுவிட்டதாகச் சொல்கிறார்கள். இப்ப துள்ளித் திரிகிறவை அவற்றின் பிள்ளைகள் அல்ல, பிறகு ஆரோ கொண்டுவந்து விட்டவற்றின் வழிவந்தவை. 1988 இல் திறந்த நச்சுவாயு அருங்காட்சியகம் ஒன்றும் அந்தத் தீவிலேயே இருக்கிறது. வீடியோக்காரர் அதன் வாசலுக்குக்கூடப் போகேல்ல.

போக்லாந்து தீவுகளின் கதை எங்களுக்கு இன்னும் கிட்ட. அத்திலாந்திக்கின் தென்கோடியில் சுமார் 3,500 சனம், ஏறக்குறைய 5 இலட்சம் செம்மறி, கரையெல்லாம் பென்குயின். 1982 இல் ஆர்ஜன்ரீனப் படைகள் அங்கே ஆயிரக்கணக்கான கண்ணிவெடிகளைப் புதைத்துவிட்டுத் தோற்றுப் போயின. வேலி போட்டு, மண்டையோட்டுப் பலகை தொங்கவிட்டார்கள். மனிதர் போகமுடியாத கடற்கரைகளில் பென்குயின்கள் பெருகின. அவற்றின் பாரத்துக்கு வெடி வெடிக்காது. சிம்பாப்வேயிலிருந்து வந்த ஆட்கள் வருடக்கணக்காய் முழங்காலில் இருந்து மண்ணைக் கிண்டி, 2020 நவம்பரில்தான் கடைசிக் கண்ணிவெடியை எடுத்தார்கள். அண்டைக்குச் சனம் கடலுக்குள் ஓடிப்போய் விழுந்தது. கடற்கரைக்கு ஆக்கள் வந்தால் பென்குயினுக்குக் கரைச்சல், விட்டிருக்கலாம் என்று நினைத்தவர்களும் அங்கே இருந்தார்கள்.

முகமாலைப் பக்கம் பஸ்ஸில் போகேக்க, தலைக்கவசமும் முன்கவசமும் போட்டுக்கொண்டு வெயிலுக்குள்ள குந்தியிருக்கிற எங்கட அக்காமாரைக் கண்டிருப்பீர்கள். அந்த வேலியளுக்குப் பின்னாலயும் மயில் ஆடினதுதான். அதுக்காக வெடியை விட்டிருக்கலாம் எண்டு ஆராவது வந்து சொன்னால் எங்களுக்கு எப்படியிருக்கும்? இதில் மட்டும் அண்டைக்கு ஏழு பேரும் ஒரே பக்கம்.

சார்ஜ் 12 சதவீதத்துக்கு வந்தபோது கிறிஸ்மஸ் தீவு வந்தது. ரோட்டு முழுக்கச் சிவப்பு. முதல் பார்வையில் ஆரோ மிளகாய் காயப்போட்டிருக்கிறார்கள் எண்டுதான் தெரிந்தது. பிறகு அந்த மிளகாய் நடந்தது.

இந்தத் தீவைப் பற்றிப் பிறகு எங்களுக்குள்ள பங்குபோட்டு நிறைய வாசித்தம். யாவாவுக்குத் தெற்கே ஏறக்குறைய 350 கிலோமீற்றரில், 135 சதுர கிலோமீற்றர் பரப்பில் இருக்கிறது. நெடுந்தீவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு ஆங்கிலக் கப்பல் கப்டன் 1643 கிறிஸ்மஸ் நாளில் கண்டதால் வந்த பெயர். பொஸ்பேற் தோண்டச் சீன, மலாய்த் தொழிலாளர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். 1958 இல் அவுஸ்திரேலியாவின் கைக்குப் போனது. 2021 குடிசன மதிப்பில் அங்கே 1,692 பேர். செந்நண்டுகள் கோடிக்கணக்கில்.

அது காட்டுக்குள் வளையில் வாழ்கிற தரை நண்டு. பூவால் சுவாசிக்கிறது என்பதால் ஈரம் இல்லாமல் சரிவராது. ஒக்டோபர், நவம்பரில் முதல் மழை விழ எல்லாம் ஒன்றாய்க் கடலுக்கு வெளிக்கிடும். ஆண்கள் முதலில் போய்க் கரையோரம் வளை தோண்டும், பெண்கள் பிறகு வரும். கூடி முடிய ஆண்கள் காட்டுக்குத் திரும்பிவிடும். பெண்கள் இரண்டு கிழமை அளவில் முட்டைகளை வயிற்றோடு வைத்திருந்து, தேய்பிறையின் பாதியில், விடியப்புறம், பெருக்கு வத்தத் தொடங்குகிற நேரம் பார்த்துக் கடலுக்குள் உதறும். நாள் பார்க்கிறதில் எங்கட அம்மம்மாவைத் தோற்கடிக்கிற நண்டு! ஒரு நண்டுக்கு ஒரு இலட்சம் முட்டைவரை. நீர் பட்டவுடன் குஞ்சு. ஒரு மாதமளவில் கடலில் கிடந்து, மீனுக்கும் திருக்கைக்கும் திமிங்கிலச் சுறாவுக்கும் போனது போக, தப்பினது நகத்தளவு நண்டாய்க் கரையேறிக் காட்டுக்கு நடக்கும். பெரும்பாலான வருடங்களில் ஒன்றிரண்டுகூடத் திரும்பி வராதாம். எப்பவாவது ஒரு வருடம் கரை முழுக்க வரும். அந்த ஒரு வருடத்தை நம்பித்தான் முழு இனமும்.

அந்த நாட்களில் தீவு நண்டுக்கு விட்டுக்கொடுக்கும். ரோட்டுகளை மூடுவார்கள். கரையோரமாய்ப் பிளாஸ்ரிக் தடுப்பு வைத்து, ரோட்டுக்குக் கீழே போட்ட சுரங்க வழிகளுக்குள் நண்டைத் திருப்பிவிடுவார்கள். ஒரு இடத்தில் ரோட்டுக்கு மேலால் ஐந்து மீற்றர் உயரத்துக்கு இரும்புப் பாலம். நண்டுகள் ஏறி இறங்குவதற்கென்றே கட்டினது. கார்க்காரர்கள் வாருகோலை வைத்திருந்து, இறங்கிக் கூட்டிக் கூட்டி வழி எடுத்துத்தான் போவார்கள். வெளியிலிருந்து வந்து பெருகின மஞ்சள் நிற எறும்பொன்று அமிலம் பீச்சி நண்டுகளைக் கோடிக்கணக்கில் கொன்றபோது, அந்த எறும்பின் சாப்பாட்டு வழியை அடைக்க மலேசியாவிலிருந்து பொட்டளவு குளவியைத் தேடிப்பிடித்து 2016 டிசம்பரில் விட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, அருமையான வேலை. நண்டுகள் திரும்பப் பெருகியிருக்கின்றன.

ஆனால் எங்களுக்கு அந்தத் தீவின் பெயர் நண்டுக்கு முதலே தெரியும். கிறிஸ்மஸ் எண்டு வீட்டில ஆராவது குரலைத் தாழ்த்திச் சொன்னால் அது பண்டிகை இல்லை எண்டு விளங்கின வயசில நாங்கள் இருந்தம். 2009 க்குப் பிறகு படகேறினவர்களில் கனபேரைக் கொண்டுபோய் வைத்த தீவு. 2001 இலேயே அவுஸ்திரேலியா தன் குடிவரவு எல்லையிலிருந்து அதை வெட்டிவிட்டிருந்தது. நிலம் அவுஸ்திரேலியாவுடையது, ஆனால் படகில் வந்து அதில் கால் வைத்தவர் வீசா கேட்கிற விசயத்தில் அவுஸ்திரேலியாவுக்கு வந்தவர் இல்லை. தீவின் மூன்றில் இரண்டு பங்கு அளவு தேசியப் பூங்கா. வடமேற்கு மூலையில் தடுப்பு முகாம். பிலோயிலா என்ற சிறு நகரத்தில் வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தை, அவுஸ்திரேலியாவில் பிறந்த இரண்டு பெண்பிள்ளைகளோடு, 2019 ஓகஸ்டில் அங்கே கொண்டுபோனார்கள். 2021 ஜூனில் சின்னப் பிள்ளைக்குக் கடும் வருத்தம் வந்துதான் தீவை விட்டு வெளியே வந்தது. பிலோயிலாச் சனம் விடாமல் போராடி, 2022 ஜூனில் அவர்களை ஊருக்குத் திரும்ப எடுத்தது.

2018 இல் வந்த 'ஐலண்ட் ஒஃப் த ஹங்கிரி கோஸ்ட்ஸ்' என்ற ஆவணப்படத்தைத் தேடிப் பார்த்தம். கப்ரியேல் பிராடி எடுத்தது. முகாமில் இருப்பவர்களுக்கு உளவளத்துணை செய்கிற ஒரு பெண், அவரிடம் வந்து கதைக்கிற அகதிகள், நடுநடுவே காட்டுக்குள்ளால் ஊர்கிற நண்டுகள். ஒழுங்காய் அடக்கம் செய்யப்படாமல் போன முன்னோர்களின் பசித்த ஆவிகளுக்கு அங்குள்ள சீனர்கள் படையல் வைக்கிறார்கள். அந்தக் காட்சியில் எங்களில் ஒருத்தரும் கதைக்கேல்ல. படம் மெதுவாய்த்தான் போகும், அதுக்காகப் பாதியில் விட்டிடாதேங்கோ.

எங்கட ஒழுங்கையில இருந்து 2012 இல போன அண்ணா ஒருத்தர் இருக்கிறார். இன்னும் தற்காலிக வீசாதான். வீடியோவை அவருக்கு அனுப்பினம். அனுப்புறதோ விடுறதோ எண்டு ஒரு கிழமை வாக்குவாதப்பட்டு, பிறகு அனுப்பினதுதான். அடுத்த நாள் அவரே எடுத்தார்.

"உதுதான்ரா, உதே நண்டுதான். எங்களை பஸ்ஸில கொண்டு போகேக்க நடுவழியில நிப்பாட்டிட்டான். எங்களுக்குப் பயம், என்னத்துக்கு நிப்பாட்டுறான் எண்டு. பாத்தா டிரைவர் இறங்கி விளக்குமாறு மாதிரி ஒண்டால நண்டைக் கூட்டுறான். ஒவ்வொண்டா. நாங்கள் யன்னலால பாத்துக்கொண்டிருக்கிறம். எவ்வளவு நேரமெண்டு தெரியேல்ல. ஒருத்தரும் ஏசேல்ல, அவசரப்படுத்தேல்ல."

கொஞ்ச நேரம் லைனில ஒண்டுமில்லை. கட்டாயிட்டுது எண்டு நினைச்சம்.

"எனக்கு அப்ப என்ன யோசினை வந்தது தெரியுமே? பன்ரண்டு பதிமூண்டு நாள் கடல்ல. வாய்க்கு ருசியா ஒண்டும் இல்லை. உதில நாலைஞ்சைப் பிடிச்சு, அம்மா வைக்கிற மாதிரி முருங்கையிலை போட்டுக் குழம்பு வைச்சா எப்பிடியிருக்கும் எண்டு. பக்கத்தில இருந்த பெடியனிட்டச் சொன்னன். அவன் சிரிச்சுச் சிரிச்சு அழுதிட்டான்."

அந்த நண்டைத் தொட்டாலே தண்டம், பாதுகாக்கப்பட்ட இனம் எண்டு நாங்கள் சொன்னம். தெரியும் எண்டார். பிறகு, அம்மாவைப் போய்ப் பாத்தனீங்களோ, மழைக்கு வீட்டுக்குள்ள வெள்ளம் வந்ததோ எண்டு கேட்டார். வரேல்ல, முத்தத்தில மட்டும்தான் எண்டம்.

"பாலம் கட்டினது எனக்குத் தெரியாது. நாங்கள் இருக்கேக்க உதைக் காணேல்ல" எண்டார். "அம்மாட்டச் சொல்லிப்போடாதேங்கோ, நண்டுக்குப் பாலம் கட்டியிருக்கிறாங்கள் எண்டு. நான் பகிடி விடுறன் எண்டு நினைப்பா."