சுருள் அவிழாத கொசு

மயிலையோ மல்லிகையையோ காட்டிப் படைத்தவரைப் புகழ்வது சுலபம். பிரசங்கங்களில் அவைதான் வரும். எனக்கு வாய்த்ததோ கொசு. புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனைக்கு அருகே, நோய் பரப்பும் பூச்சிகளுக்கென்றே 1975-இல் ஓர் ஆராய்ச்சி மையம் வந்தது. அன்றிலிருந்து இந்த வட்டாரத்தில் கொசு அறுப்பது ஒரு தொழில். நானும் அதில் பிழைப்பவன். ஞாயிறு பூசைக்குப் போகிறவன். திங்கட்கிழமை மைக்ரோஸ்கோப்புக்குத் திரும்புகிறவன்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் வீடுகளில் கொடியில் தொங்கும் துணி மீதும் கட்டிலுக்கு அடியிலும் ஒண்டியிருக்கும் கொசுக்களை உறிஞ்சுகுழாயில் பிடித்து வருவோம். பெண் கொசுவை மயங்கவைத்து, காலையும் இறக்கையையும் களைந்து, கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டுத் தண்ணீரில் கிடத்த வேண்டும். வயிற்றின் கடைசி வளையங்களுக்கு முன்னால் இருபுறமும் ஊசியால் லேசாகக் கீறி, நுனியைப் பிடித்து மெல்ல இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் குழம்பிவிடும். பொறுத்து இழுத்தால் வெள்ளை வெளேரென்று இரண்டு சினைப்பைகள் வெளியே வரும்.

அவற்றைக் காயவிட்டுப் பார்த்தால் மேலே கறுப்பு இழைகள் ஓடும். அவை மூச்சுக்குழாய்கள், உள்ளே காற்று இருப்பதால் அப்படித் தெரிகின்றன. ஒருமுறைகூட முட்டை போடாத கொசுவுக்கு அந்த இழைகளின் நுனி இறுகச் சுருண்டிருக்கும். முட்டை வளரும்போது சினைப்பை விரிகிறது, சுருள் இழுபடுகிறது. முட்டை போட்ட பிறகு நுனிகள் இழுத்துவிட்ட நூல்போல் நீண்டு கிடக்கும்; பழையபடி சுருளாது. கன்னியா தாயா என்பதை ஒரு மயிரிழையில் படித்துவிடலாம். டெட்டினோவா என்ற ரஷ்யப் பெண் ஆய்வாளர் வகுத்த முறை இது. அவருடைய கையேட்டை 1962-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது. எத்தனையோ கொசுக்களை அறுத்தாயிற்று. அந்தச் சுருள் கண்ணில் படும்போது இன்னும் கை ஒரு கணம் நிற்கிறது.

ஆனால் இங்கே நின்றுவிட்டால் என் விசுவாசம் பாதிப் பொய். இதே உடம்பில்தான் யானைக்கால் புழுவும் வளர்கிறது. அதன் குஞ்சுகள் பகலெல்லாம் மனிதனின் நுரையீரல் ரத்தக் குழாய்களில் பதுங்கியிருந்துவிட்டு, நள்ளிரவை ஒட்டித் தோலருகே உள்ள ரத்தத்துக்கு வரும். சாக்கடையில் பிறக்கும் க்யூலெக்ஸ் கொசு கடிக்க வருவதும் அந்த நேரத்தில்தான். ரத்தப் பரிசோதனைக்கு எங்கள் ஆட்கள் ராத்திரியில் கதவைத் தட்டி வசவு வாங்கிக்கொள்வது இதனால்தான். இந்தப் பொருத்தமும் நுட்பம்தானே? சுருளைப் பார்த்து ஆண்டவரைப் புகழ்கிறவன், வீங்கிய காலைப் பார்த்து என்ன சொல்வது?

விசுவாசத்தையும் உயிரின ஆராய்ச்சியையும் சேர்த்துச் சுமந்தவர்கள் நமக்குத் தெற்கே தரங்கம்பாடியில் முன்பே இருந்தார்கள். லின்னேயஸின் மாணவரான கோனிக் 1768-இல் அங்கே மருத்துவராக வந்தார். மிஷனரிமாரான கிறிஸ்தோஃப் ஜானும் ரோட்லரும் ஜெபமும் உபதேசமும் போக மிச்ச நேரத்தில் மீனும் செடியும் சேகரித்தார்கள். நம் மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயரில் இன்றும் ஜான் இருக்கிறார். அவர்கள் லுத்தரன், நான் கத்தோலிக்கன். பூச்சி புழு விஷயத்தில் அந்த வித்தியாசம் பெரிதில்லை.

வீங்கிய காலைப் பற்றிய கேள்வியில் எனக்குக் கைகொடுத்தது யோபு ஆகமம். துன்பத்துக்குக் காரணம் கேட்ட மனிதனுக்கு ஆண்டவர் காரணம் சொல்வதில்லை. காட்டு விலங்குகளைக் காட்டுகிறார். முட்டையைத் தரையில் விட்டுப் போகும் தீக்கோழியும், ரத்தம் குடிக்கும் கழுகுக் குஞ்சும் அந்தப் பட்டியலில் உண்டு. அழகானவை மட்டும் என்னுடையவை என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு வேதபாட வகுப்பில் இதைச் சொன்னபோது, அப்படியானால் கொசுவைக் கொல்லலாமா என்று ஒரு பையன் கேட்டான். தாராளமாகக் கொல்லலாம் என்றேன். வேதமும் சம்பளமும் முரண்படாத இடம் அது.

ஆறுதல் இருப்பது வேறொரு கணக்கில். கொசு குடித்த புழுக்குஞ்சு அதன் மார்புத் தசைக்குள் புகுந்து, இரண்டு முறை சட்டையுரித்து, பிறரைத் தொற்றும் நிலையை அடைய ஏறக்குறைய பத்து, பன்னிரண்டு நாள் ஆகும். பெரும்பாலான கொசுக்கள் அதற்குள் செத்துவிடுகின்றன. மலேரியாக் கிருமிபோல இந்தப் புழு கொசுவுக்குள் பெருகுவதும் இல்லை. உள்ளே போனது எத்தனையோ அதற்கு மேல் வராது. ஒருவர் ரத்தத்தில் புழுக்குஞ்சு காண, தொற்றுள்ள கொசுக்கடி சுமார் 15,500 தேவை என்று ரங்கூனில் கணக்கிட்டு 1968-இல் எழுதினார்கள். அந்த நுட்பமான பொறிக்குள் இவ்வளவு பெரிய ஓட்டை! புழுவும் விதிக்குக் கட்டுப்பட்டதுதான். கொசுவின் ஆயுளில் சில நாளைக் குறைத்தால் போதும், சங்கிலி அறுந்துவிடும். 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரில் சாக்கடை, கிணறு என்று கொசு பிறக்கும் இடங்களைத் தேடிப் போய் நடத்திய பெரிய யானைக்கால் தடுப்புத் திட்டம், அதே சங்கிலியை இன்னொரு முனையில் அறுக்கப் பார்த்தது.

கால் வீங்கிவிட்டவருக்கு இந்தக் கணக்கு ஆறுதல் தராது. தெரியும். காலைக் கழுவி, ஈரம் துடைத்து, புண் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிக்கொடுப்பதுதான் அவருக்கு உதவும்.

மருந்தடித்த தெருவில் பிடித்த கொசுக்களில் சுருள் அவிழாதவற்றின் பங்கு கூடியிருந்தால், வயதான கொசுக்கள் குறைந்துவிட்டன என்று பொருள். அந்த நாட்களில் நோட்டில் எண்ணிக்கை எழுதும்போது என் உதடு அசையும். கொசு எண்ணுகிறார் என்று பக்கத்து மேசைக்காரர் நினைத்துக்கொள்கிறார், நானும் திருத்துவதில்லை.