வில்லும் அடக்கமும்

நம் முன்னோர் பயணத்திற்குப் பூட்டிய மாட்டு வண்டிகளுள் ஒன்றிற்கு வில்வண்டி என்று பெயர். அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகளை வைத்துக் கட்டியதால் வந்த பெயர் அது. நெல் மூட்டைகளைச் சுமக்கும் பார வண்டிக்கு அந்த வில் தேவைப்படவில்லை. மனிதர் ஏறிச் செல்லும் வண்டிக்கே அது தேவைப்பட்டது. ஏறுவோரின் உடல்நிலையே வண்டியின் அமைப்பைத் தீர்மானிக்க வேண்டும் என்னும் உண்மை அப்பெயருக்குள் அடங்கிக் கிடக்கிறது.

அந்த வில்லின் வழித்தோன்றலே இன்றைய மகிழுந்தின் சஸ்பென்ஷன் என்னும் தாங்கமைப்பு. அதைப் பற்றி ஆழ்ந்து எண்ண வேண்டிய தேவை எனக்கு என் உம்மாவினால் ஏற்பட்டது. கல்லூரிக்கு நாள்தோறும் நான் தனியே ஓட்டிச் செல்லும் அதே வண்டியில்தான் முதுகுத்தண்டு நோயுற்ற உம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறேன். விடுமுறை நாள்களில் குடும்பத்தினர் ஐவரும் ஏறிக்கொள்கிறோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் உம்மா இருக்கையின் விளிம்பை இறுகப் பற்றிக்கொள்வார். நாளடைவில், "நீங்க போயிட்டு வாங்க, நான் வரலை" என்று திருமண வீட்டிற்கும் துக்க வீட்டிற்கும்கூட வர மறுக்கலானார். இரத்த உறவைப் பேணுதலை மார்க்கக் கடமையாகப் போற்றும் முதியவர் ஒருவருக்குச் சாலையின் குலுக்கல் ஒரு தடைச்சுவராக எழுந்து நின்றது.

பழைய அதிர்வடக்கிகளில் எண்ணெய் கசிந்து, அவற்றை மாற்றும் வேளையும் வந்தது. இருவர் இரு வழிகளைக் கூறினர். உறவுக்கார இளைஞர், "மாமா, வண்டியை ரெண்டு அங்குலம் இறக்கி, இறுக்கமா வைங்க" என்றார். பட்டறைக்காரரோ, "மெத்துன்னு இருக்கிறதா போட்டுடலாம் பாய்" என்றார். இரண்டையும் சீர்தூக்கிப் பார்க்க இயற்பியல் எனக்குத் துணை நின்றது.

தாங்கமைப்பில் இரு உறுப்புகள் இன்றியமையாதவை. ஒன்று வில், அது பாரத்தைத் தாங்குகிறது, பள்ளமேடுகளை விழுங்குகிறது. மற்றொன்று, பட்டறை வழக்கில் ஷாக் எனப்படும் அதிர்வடக்கி. அமுங்கிய வில் துள்ளிக்கொண்டே இராதபடி, எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே செலுத்தி அதன் ஆற்றலை வெப்பமாக மாற்றுகிறது. வில் மட்டும் இருந்தால் வண்டி படகைப்போல ஆடும். அடக்கி மிகுந்தால் கட்டை வண்டியைப்போல இடிக்கும்.

பயண வண்டியின் உடற்பகுதி வினாடிக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 முறை வரை அசையுமாறு அமைப்பதே பொறியாளர் மரபு. அமர்ந்திருக்கும் மனித உடலை மிகவும் வருத்துவது வினாடிக்கு 4 முதல் 8 வரையிலான மேல்கீழ் அதிர்வு. இறுக்கமான தாங்கமைப்பு சாலையின் அத்தகைய அதிர்வுகளை முதுகுத்தண்டுக்கு மிகுதியாகக் கடத்திவிடும். வினாடிக்கு அரை முறைக்கும் குறைவான மந்த ஆட்டமோ குமட்டலை வருவிக்கும். ஆகவே மிகுந்த மென்மையும் சுகமன்று. மிகுந்த கடினமும் உறுதியன்று.

உயரத்தை இறக்குவதில் மற்றோர் இடரும் உண்டு. இந்திய சாலைக் காங்கிரஸ் 1988ஆம் ஆண்டு வகுத்த அளவின்படி வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். நம் தெருக்களில் எழும் தடைகள் பலவும் இவ்வளவைக் கண்டவை அல்ல. இறக்கிய வண்டியில் வில் அமுங்குவதற்கு இடம் குறையும். அது முடியுமிடத்தில் விழும் இடி நேரே முதுகில் இறங்கும். மேலும், தயாரிப்பாளரின் அமைப்பை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது.

எனவே மூல வில்லையும் மூல உயரத்தையும் விட்டுவைத்து, அடக்கும் வலிமையை மட்டும் திருகி மாற்றத்தக்க அதிர்வடக்கிகளைத் தேர்ந்தேன். ஒருவர் மட்டும் செல்லும் வண்டிக்குப் போதுமான அடக்கம், ஐவர் ஏறிப் பாரம் கூடியதும் போதாமற் போகும் என்பதே அதற்குக் காரணம்.

பொருத்தும் முன் டயர்க் காற்றைக் குறித்த அளவில் வைத்தேன். தேய்ந்த ரப்பர் புஷ்களை மாற்றினேன். இவை சீராகாமல் விலையுயர்ந்த கருவியும் பயன் தராது. பின்னர், திருகை மிக மென்மையான நிலையில் தொடங்கி, ஒரே சாலையில், ஒரே வேகத்தடையின்மீது, ஒரே வேகத்தில் ஓட்டி, இரண்டிரண்டு படிகளாகக் கூட்டினேன். தடையைக் கடந்ததும் வண்டி ஒருமுறை எழுந்து அமைதியுறும் இடமே உரிய இடம். இடப்புறமும் வலப்புறமும் ஒரே படியில் இருத்தல் வேண்டும். முன்னும் பின்னும் வேறுபடலாம். குடும்பத்தோடு செல்லும் நாளில் பின்புறத்தை இரண்டு படிகள் கூட்டுகிறேன்.

இவற்றுள் முதன்மையானது வேறொன்று. இந்த அளவுகளை ஓட்டுநர் இருக்கையிலிருந்து நான் முடிவு செய்யவில்லை. நண்பரை ஓட்டச் சொல்லி, உம்மா அமரும் பின்னிருக்கையில் அமர்ந்தே முடிவு செய்தேன். ஓட்டுபவர் வளையத்தைப் பற்றியிருக்கிறார். வரும் பள்ளத்தையும் முன்னரே அறிகிறார். பின்னிருப்பவர் இரண்டும் இல்லாதவர். ஒரு வாகனத்தின் சுகம் அதிலுள்ள வலியவரைக் கொண்டன்று, மெலியவரைக் கொண்டே அளக்கப்பட வேண்டும். குடும்பமும் கல்விக்கூடமும் சமுதாயமும் இவ்வாறே அளக்கப்பட வேண்டியவை அல்லவா?

உம்மாவின் நோய் தீர்ந்துவிடவில்லை. அது மருத்துவர் கையிலும் இறைவன் நாட்டத்திலும் உள்ளது. ஆயினும் உறவினர் இல்லத்திற்கு அழைத்தால் இப்போது அவர் மறுப்பதில்லை. வாகன துஆவை ஓதி அமைதியாக அமர்ந்துகொள்கிறார்.

திருமறை இச்சமுதாயத்தை நடுநிலையானது எனச் சிறப்பிக்கிறது. வள்ளுவப் பெருந்தகையும் நடுவு நிலைமையைப் பன்னிரண்டாம் அதிகாரமாகவும் அடக்கமுடைமையைப் பதின்மூன்றாம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்தார். தாங்கும் வில்லும் அதைத் தணிக்கும் அடக்கமும் நடுவில் சந்திக்கும்போதே பயணம் இனிதாகிறது. உடன் வருவோரும் நம்மோடு வர விரும்புகின்றனர்.